எனர்ஜி டிரிங்கும் நெஞ்சுப் படபடப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி, மணலி கம்பெனிகளின் நைட் ஷிப்ட், ராயபுரம் சந்துக்குள் இருக்கும் ஜிம், வியாசர்பாடி கால்பந்து மைதானம் என்று எங்கே போனாலும் பக்கத்துப் பெட்டிக்கடை ஐஸ்பெட்டியில் எனர்ஜி டிரிங்க் இருக்கிறது. 20 ரூபாய்க்கே பாட்டில் கிடைப்பதால் டீ குடித்த இடத்தை இது பிடித்துவிட்டது. இதயத்தையும் இரத்தக் குழாயையும் பற்றி வடசென்னை மக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

ஒரு பாட்டில் குடித்தால் ஹார்ட் அட்டாக் வந்துவிடுமா?

இதயக் கோளாறு இல்லாத, பிரஷர் சரியாக உள்ள பெரியவர் 250 மி.லி. பாட்டில் ஒன்றை நிதானமாகக் குடித்தால் வராது. பிரஷர் சில பாயின்ட் ஏறும், சில மணி நேரத்தில் இறங்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் “பாட்டிலில் விஷம்” வீடியோக்களை நம்ப வேண்டாம். அதற்காக “வெறும் கலர் தண்ணிதானே” என்றும் இருந்துவிட முடியாது. எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், வேறு எதோடு சேர்த்து, யார் உடம்பில் என்ற நான்கையும் பார்த்தால்தான் ஆபத்து எவ்வளவு என்று தெரியும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த நான்கைச் சுற்றித்தான்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

காஃபின், சர்க்கரை, டாரின் (ஒரு வகை அமினோ அமிலம்), பி வைட்டமின்கள், சிட்ரிக் அமிலம், கலர், கேஸ். வேலை செய்வது முக்கியமாகக் காஃபின்தான். பி வைட்டமின் சேர்த்திருப்பதால் சத்து பானம் ஆகிவிடாது. குறைபாடு இல்லாதவருக்கு அது சிறுநீரில் போய்விடும். டாரினைக் காளை மாட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1827-இல் முதன்முதலாக மாட்டுப் பித்தநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது உண்மை, பெயரும் அப்படி வந்ததுதான், லத்தீனில் காளைக்கு ‘டாரஸ்’ என்று பெயர். இப்போது பானங்களில் சேர்ப்பது தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரித்தது. சில பானங்களில் குவாரானா என்ற விதைச்சாறும் இருக்கும். அதுவும் காஃபின்தான், வேறு பெயரில் வருகிறது.

ஒரு பாட்டிலில் எவ்வளவு காஃபின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டிலைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 100 மி.லி.க்கு இவ்வளவு மி.கி. என்றுதான் போட்டிருப்பார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். 30 மி.கி. என்று பார்த்துவிட்டு மொத்தமே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டில் 250 மி.லி. என்றால் அதை 2.5 ஆல் பெருக்க வேண்டும், 75 மி.கி. வரும். 350 மி.லி. டின் என்றால் 105 மி.கி.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிப்படி, ‘காஃபின் கலந்த பானம்’ என்று விற்பதில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபின் இருக்கலாம். ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் குடிக்கக் கூடாது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையும் லேபிளில் இருக்க வேண்டும். அதாவது நாள் ஒன்றுக்கு இந்தப் பானத்திலிருந்து மட்டும் அதிகபட்சம் 150 மி.கி. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்த டின் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரே டின்னில் 300 மி.கி. இருப்பவையும் அங்கே உண்டு.

மொத்தமாக ஒரு நாளைக்கு எவ்வளவு காஃபின் தாங்கும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி 300 மி.கி.க்குள் நிறுத்தச் சொல்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 400, ஒரே தடவையில் 200 மி.கி. என்று வரம்பு சொன்னது. அதே ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டியில் 150 மி.லி. டிகாஷன் காபியில் 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மி.கி. என்று கணக்கு இருக்கிறது.

இதை ஒரு சாதாரண நாளில் பொருத்திப் பாருங்கள். கடை டீ கிளாஸ் சிறியது, ஒன்றுக்கு 30 என்றே வையுங்கள். நாலு டீ 120. மதியம் ஒரு எனர்ஜி டிரிங்க் 75, சாயங்காலம் இன்னொன்று 75. நடுவில் தலைவலி என்று போட்ட மாத்திரையில் 50, சில தலைவலி மாத்திரைகளில் அவ்வளவு காஃபின் உண்டு. இதிலேயே 320 ஆகிவிட்டது. ஜிம்மில் ஒரு ஸ்கூப் ப்ரீ ஒர்க்அவுட் பவுடர் போட்டால் இன்னும் 200 சேரும். “நான் ரெண்டு பாட்டில்தானே குடிச்சேன்” என்பவர் உடம்பில் 520 மி.கி. ஓடிக்கொண்டிருக்கும்.

காபியிலும் காஃபின்தானே? இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

நியாயமான கேள்வி. முதல் வித்தியாசம் குடிக்கும் விதம். டபராவில் ஆற்றி ஆற்றிக் குடிக்கும் காபி பத்து நிமிடம் எடுக்கும், சூடு அதற்கு மேல் வேகமாகக் குடிக்க விடாது. ஜில்லென்று இனிப்பாக இருக்கும் பாட்டில் நாலு மடக்கில் காலி. மூன்றாவது காபிக்கு வாய் கசக்கும், மூன்றாவது பாட்டிலுக்கு அப்படி எதுவும் தடுக்காது.

இரண்டாவது வித்தியாசம் கலவை. 2017-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு ஒன்றில் 18 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு தடவை 946 மி.லி. எனர்ஜி டிரிங்கும், இன்னொரு தடவை அதே அளவு, அதாவது 320 மி.கி., காஃபின் மட்டும் கலந்த பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பிரஷர் ஏறியது. ஆனால் எனர்ஜி டிரிங்க் குடித்த நாளில் ஆறு மணி நேரம் ஆகியும் பிரஷர் முழுதாக இறங்கவில்லை; இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியும் (அது என்ன என்று அடுத்த கேள்வியில் பார்க்கலாம்) காஃபின் மட்டும் குடித்ததைவிட 10 மில்லி செகண்ட் நீண்டிருந்தது. 2019-இல் 34 பேரிடம் செய்த ஆய்விலும் இதே போக்குதான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் குடித்தது நம் ஊர் 250 மி.லி. பாட்டில் கிட்டத்தட்ட நான்குக்குச் சமம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். ஒரு பாட்டில் குடிப்பவருக்கு இந்த எண்களை அப்படியே ஒட்டக் கூடாது. பந்தயம் கட்டி நாலு பாட்டில் அடிப்பவருக்கு ஒட்டும்.

க்யூ.டி. இடைவெளி என்றால் என்ன?

இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தன்னை மின்சார ரீதியாகத் தயார் செய்துகொள்ள வேண்டும். துடிப்பின் மின்சாரம் தொடங்கியதிலிருந்து இந்தத் தயாரிப்பு முடியும்வரை ஆகும் நேரம்தான் இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்று தெரிவது. இது மிக நீண்டுவிட்டால், தயாராகாத நேரத்தில் அடுத்த துடிப்பு வந்து விழுந்து, தாளம் மொத்தமாகக் குலைய வாய்ப்பு உண்டு. பத்து மில்லி செகண்ட் கூடுவது சாதாரண ஆளுக்கு ஒன்றுமில்லை. பிறவியிலேயே இது நீண்டிருப்பவருக்கும், இதை நீட்டும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் அந்தப் பத்தும் கணக்கில் வரும்.

குடித்ததும் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

உடம்பில் அடினோசின் என்று ஒரு பொருள் சேரச் சேரத் தூக்கம் வரும், இதயமும் நிதானமாகும். காஃபின் அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. பிரேக் வேலை செய்யாமல் போகிறது. கூடவே அட்ரினலின் வகைச் சுரப்புகளும் ஏறுகின்றன. 2015-இல் 25 பேரிடம் செய்த ஆய்வில் 480 மி.லி. எனர்ஜி டிரிங்க் குடித்தபின் நார்அட்ரினலின் அளவு 74 சதவீதம் கூடியது. காஃபின் இல்லாத போலிப் பானம் குடித்தவர்களுக்கு 31 சதவீதம். இதயம் அடிப்பது பலமாகிறது, இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு விழுகிறது. அந்த முந்திய துடிப்புக்கு அடுத்து வரும் சின்ன இடைவெளியைத்தான் “நெஞ்சுல டக்குனு ஒரு அடி விட்டுப் போச்சு” என்கிறோம்.

குடித்த 30 முதல் 60 நிமிடத்தில் காஃபின் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆகவே படபடப்பு வந்துவிட்டால் அரை மணியில் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் காஃபின் வெளியேறிவிடும் என்பதும் உண்மையில்லை. அதை உடைப்பது கல்லீரல், அது தன் வேகத்தில்தான் செய்யும்.

இரத்தக் குழாய்களை இது என்ன செய்கிறது?

குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு படலம் இருக்கிறது. இரத்தம் வேகமாக ஓடும்போது நைட்ரிக் ஆக்ஸைடை விட்டுக் குழாயை விரித்துக் கொடுப்பது அதன் வேலை. கையில் பட்டையை இறுக்கி, சில நிமிடம் கழித்து அவிழ்த்து, குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளக்கலாம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 44 மருத்துவ மாணவர்களிடம் இப்படி அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். குடிக்கும் முன் 5.1 சதவீதம் விரிந்த குழாய், சுமார் 700 மி.லி. எனர்ஜி டிரிங்க் குடித்த 90 நிமிடத்தில் 2.8 சதவீதம்தான் விரிந்தது. இதயம் வேகமாக அடித்து அதிக இரத்தம் கேட்கும் நேரத்தில் குழாய் விரிந்து கொடுக்க மறுக்கிறது. சிகரெட் புகையும் இதே படலத்தைத்தான் கெடுக்கிறது. பெட்டிக்கடையில் ஒரு கையில் பாட்டிலும் மறு கையில் சிகரெட்டுமாக நிற்பது அந்தப் படலத்துக்கு இரட்டை அடி.

சுகர் ஃப்ரீ குடித்தால் பரவாயில்லையா?

சர்க்கரைக்குப் பரவாயில்லை, காஃபினுக்கு அதே கதைதான். சாதாரண வகையில் 100 மி.லி.க்கு 11 கிராம் சர்க்கரை என்றால் 250 மி.லி.யில் 27.5 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன்.

யார் தொடவே கூடாது?

பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், ஏற்கெனவே அட்டாக் வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், துடிப்பு ஒழுங்கின்மை என்று சொல்லப்பட்டவர்கள், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள், கர்ப்பிணிகள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபின் உடம்பில் தங்கும் நேரம் மூன்று மடங்குவரை நீளும்.

இவர்களைவிடக் கவலை தருவது தங்களுக்குக் கோளாறு இருப்பதே தெரியாதவர்கள். இதயத் தசை தடித்திருப்பது, பிறவி க்யூ.டி. நீட்சி போன்றவை இருபது வயதுவரை எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். மேயோ கிளினிக் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், மரபுவழி இதயக் கோளாறு உள்ள, திடீர் இதய நிறுத்தத்திலிருந்து பிழைத்த 144 பேரில் 7 பேர் அதற்குச் சற்று முன்புதான் எனர்ஜி டிரிங்க் குடித்திருந்தார்கள். பானம்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. தூக்கமின்மை, உடற்பயிற்சி, பட்டினி என்று வேறு காரணங்களும் கூடவே இருந்தன.

அதனால் குடும்பத்தில் விசாரியுங்கள். நாற்பது வயதுக்கு முன் யாராவது தூக்கத்திலேயே போனார்களா? விளையாடும்போது மயங்கி விழுந்தவர்கள் உண்டா? நன்றாக நீந்தத் தெரிந்த பையன் காரணமே தெரியாமல் மூழ்கினானா? கடைசிக் கேள்வி காசிமேடு, திருவொற்றியூர் கரையோரக் குடும்பங்களுக்கு முக்கியம். கடலிலேயே வளர்ந்தவன் அமைதியான தண்ணீரில் மூழ்கினால் “காத்து கருப்பு” என்று முடித்துவிடுகிறார்கள். க்யூ.டி. நீட்சியில் ஒரு வகைக்கு நீச்சலே தூண்டுகோல். ஆம் என்ற பதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் எல்லோரும் ஒரு இ.சி.ஜி. எடுத்து, இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த மாத்திரைகளோடு ஒத்துவராது?

சளிக்குப் போடும் மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் அல்லது சூடோஎஃபிட்ரின் இருந்தால் மாத்திரையும் பானமும் சேர்ந்து பிரஷரை ஏற்றும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும், அது காஃபினுக்குப் பங்காளி. சால்புடமால் இன்ஹேலரும் துடிப்பை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் காஃபின் மெதுவாகவே உடையும், வழக்கமான ஒரு பாட்டிலே இரண்டு போல வேலை செய்யும். அசித்ரோமைசின், ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள் ஆகியவை க்யூ.டி.யை நீட்டக்கூடியவை. வாந்திக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு “தெம்புக்கு” எனர்ஜி டிரிங்க் குடிப்பது தவறான நேரத்தில் தவறான பானம்.

எனக்குப் பிரஷர் உண்டு, மாத்திரையில் 130-இல் நிற்கிறது. எப்போதாவது ஒன்று?

உங்கள் உடம்பையே கேட்டுப் பாருங்கள். குடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பிரஷரை அளந்து பாருங்கள். பாதி பாட்டில் குடித்துவிட்டு 30 நிமிடம், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து பாருங்கள். மேல் எண் 5 முதல் 10 வரையோ அதற்கு மேலோ ஏறினால் காஃபின் உங்களைப் பாதிக்கிறது, விட்டுவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் நாளில் காலையிலிருந்து இதைக் குடிக்காதீர்கள், எண் பொய்யாக வரும்.

வெயிலில் மூட்டை தூக்குகிறோம், கால்பந்து ஆடுகிறோம். தாகத்துக்கு இது சரியா?

சரியில்லை. வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். இவ்வளவு சர்க்கரை அடர்ந்த பானம் வயிற்றிலிருந்து மெதுவாகவே இறங்கும். உடம்பு ஏற்கெனவே சூடாகி, துடிப்பு 140-இல் ஓடும்போது மேலும் விரட்டுவானேன்? உப்புப் போட்ட மோர், இளநீர், நீராகாரம் எல்லாம் இதைவிட மேல். அதிகம் வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தலை தட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஜிம்முக்கு முன் குடிப்பவர்கள் பவுடர், பாட்டில் இரண்டில் ஒன்றை விட வேண்டும். பளு தூக்கும்போது மூச்சை அடக்கினாலே பிரஷர் எகிறும், அதன்மேல் இதுவும் வேண்டாம்.

ராத்திரி வண்டி ஓட்டணும். தூக்கத்தை எப்படி அடக்குவது?

லாரி வரிசை நகராத நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு டீயோ சின்ன பாட்டில் ஒன்றோ குடித்துவிட்டு, உடனே 15 முதல் 20 நிமிடம் அலாரம் வைத்துக் கண் மூடுங்கள். காஃபின் ஏறும் நேரமும் எழும் நேரமும் ஒத்துவரும். மூன்று பாட்டிலைவிட இது நன்றாக வேலை செய்யும். படுக்கப் போகும் முன் ஆறு மணி நேரத்துக்குள் இதைத் தொடாதீர்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மி.கி. காஃபின்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடுகிறது என்று 2013-இல் அளந்திருக்கிறார்கள். அந்தக் குறைந்த தூக்கத்துக்கு மறுநாள் இன்னொரு பாட்டில், இப்படியே போனால் பிரஷரும் ஏறிப்போகலாம்.

சரக்கில் கலந்து குடித்தால் போதை ஏறாதாமே?

போதை ஏறும், ஏறியது தெரியாது. காஃபின் மயக்கத்தை மறைக்குமே தவிர இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைக் குறைக்காது. ஆகவே மேலும் குடிப்பார்கள். இரண்டுமே துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியவை.

பத்து வயதுப் பையன் அடம்பிடிக்கிறான், கொஞ்சம் கொடுக்கலாமா?

வேண்டாம். பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்பது ஐரோப்பிய வரம்பு. 25 கிலோ பையனுக்கு நாள் முழுக்க 75 மி.கி., ஒரே பாட்டிலில் முடிந்தது. காலை டீ தனி. லிதுவேனியா 2014-லும் போலந்து 2024-லும் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு விற்பதையே தடை செய்துவிட்டன. நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை கொஞ்சம் இருந்தாலும் நெஞ்சைத் தொடாது.

குடித்ததும் படபடப்பு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

உட்காருங்கள், நடக்காதீர்கள், சிகரெட் வேண்டாம். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60 முதல் 100 வரை, சீராக இருந்தால் காத்திருக்கலாம். உட்கார்ந்திருந்தும் 120-க்கு மேல் நின்றாலோ, தாளம் தப்பித் தப்பி வந்தாலோ மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். படபடப்பு அடங்கியபின் எடுக்கும் இ.சி.ஜி. பெரும்பாலும் நார்மலாகவே வரும், ஆகவே அது இருக்கும்போதே போவதுதான் பிரயோஜனம்.

நெஞ்சை அழுத்துவது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது, குப்பென்று வியர்ப்பது, கண் இருட்டி விழுவது, மூச்சுத் திணறல் இதில் ஒன்று இருந்தாலும் 108. பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவு பகலும் உண்டு. ரயில்வே குடும்பங்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இதய சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. காலி பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன குடித்தார், எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு, கூட என்ன மாத்திரை, சரக்கு உண்டா என்று மறைக்காமல் சொல்லுங்கள். விழுந்தவர் மூச்சு விடவில்லை என்றால் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள்.

கேஸாக இருக்கும், ஒரு கோலி சோடா குடித்துப் பார்க்கலாமா?

பானத்தில் இருக்கும் கேஸும் அமிலமும் நெஞ்செரிச்சலைத் தரும் என்பது உண்மைதான். ஏப்பம் விட்டதும் சுத்தமாகப் போய்விட்டால் பெரும்பாலும் கேஸ். ஆனால் மாரடைப்பிலும் ஏப்பம் வரும், சோடாவில் சற்று இதமானது போலவும் தோன்றும். வியர்வையோடு வந்த வலிக்கும், படி ஏறினால் கூடும் வலிக்கும் சோடா குடித்துப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

விட்டுவிட நினைக்கிறேன், ஆனால் தலை வெடிக்கிறது?

நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி, எரிச்சல், சோர்வு தொடங்கும். இரண்டாம் நாள் உச்சம், சிலருக்கு ஒன்பது நாள்வரை போகும். ஒரேயடியாக நிறுத்தாமல் மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் குறையுங்கள். நாளுக்கு மூன்று பாட்டில் என்றால் முதலில் சாயங்கால பாட்டிலைப் பாதியாக்குங்கள், அடுத்து அதை நிறுத்துங்கள், பிறகு மதியத்துக்குப் போங்கள். இடையில் தலைவலி மாத்திரை வாங்கினால் காஃபின் இல்லாத பாராசிட்டமாலா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.